டி.டி.எஸ். பிடிக்காத மூன்று பேர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு நடுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். பெரிய கம்பெனிகள் நாடுகளையே மிஞ்சிவிட்டன என்று சொல்லி ஒரு அட்டவணையும் போட்டிருந்தீர்கள். இந்தப் பக்கம் கம்பெனிகளின் பங்குச்சந்தை மதிப்பு, அந்தப் பக்கம் நாடுகளின் ஜி.டி.பி. அதைப் பார்த்ததும் கை அரித்தது, அதனால்தான் இந்தக் கடிதம். ஜி.டி.பி. என்பது ஒரு நாடு ஒரு வருடத்தில் ஈட்டுவது. சந்தை மதிப்பு என்பது ஒரு கம்பெனியின் பங்குகள் அத்தனையையும் இன்றைய விலைக்குப் போட்டால் என்ன வரும் என்கிற கணக்கு. ஒருத்தருடைய வருடச் சம்பளத்தையும் இன்னொருத்தருடைய வீட்டு விலையையும் பக்கத்தில் வைத்து யார் பணக்காரர் என்று கேட்டால் எப்படி? நான் ஆடிட்டர் இல்லை, கும்பகோணத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் இருபத்தாறு வருடமாக ஃபைல் பார்க்கிறவன். ஆனாலும் இப்படி ஒரு கணக்கை எங்கள் ஆபீசில் எழுதிக்கொண்டு போனால் சார் பேனாவைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்.

சரி, அட்டவணையை விடுங்கள். கட்டுரை கேட்ட கேள்வி நல்ல கேள்வி. அரசாங்கமா, கம்பெனியா, யார் கை ஓங்கியிருக்கிறது? என் மேசைக்கு வந்த ஒரு சின்ன ஃபைலிலிருந்து ஆரம்பிக்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் வருமான வரி தாக்கல் செய்கிற ஒரு மளிகைக் கடைக்காரர், ஊருக்கே அண்ணாச்சி. கடைக்குப் பின்னால் இருந்த பழைய ஓட்டு வீட்டை 54 லட்சத்துக்கு வாங்கினார். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் எல்லாம் கட்டி, பத்திரத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டும் ஆயிற்று. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 50 லட்சம், அதற்கு மேல் என்று கொடுத்து வீடோ மனையோ வாங்கினால், விற்கிறவருக்குத் தரும் பணத்தில் ஒரு சதவீதத்தைப் பிடித்து, வாங்குகிறவர்தான் அரசுக்குக் கட்ட வேண்டும். பணம் கொடுக்கும்போதே இப்படி வரியைப் பிடித்துக்கொள்வதற்குத்தான் டி.டி.எஸ். என்று பெயர். அப்போது அதற்கு 26 க்யூ.பி. என்று ஒரு படிவமும் இருந்தது. 2013 ஜூன் முதல் இருக்கிற சட்டம். அண்ணாச்சிக்குத் தெரியாது. இரண்டு வருடம் கழித்து நோட்டீஸ் வந்தது. பிடிக்காமல் விட்ட வரி 54,000. தாமதக் கட்டணம் நாளுக்கு 200 ரூபாய், வரித்தொகையைத் தாண்டக்கூடாது என்று வரம்பு இருப்பதால் அதுவும் 54,000-இல் போய் நின்றது. மாதம் ஒரு சதவீதம் வட்டி தனி. கூட்டினால் ஒரு லட்சத்து இருபதாயிரத்துச் சொச்சம்.

அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்து என் மேசை மேல் வைத்துவிட்டுக் கேட்டார்: “லாபம் பார்த்தது வித்தவரு. நான் பணத்தைக் கொடுத்துட்டு நிக்கிறவன். என்கிட்ட எதுக்கு சார் கேக்கிறாங்க?”

இதே கேள்வியை மும்பை உயர் நீதிமன்றத்திலும் அப்புறம் உச்ச நீதிமன்றத்திலும் நாட்டின் பெரிய பெரிய வழக்கறிஞர்களை வைத்துக் கேட்ட ஒரு கம்பெனி உண்டு. வோடஃபோன்.

2007-இல் ஹட்ச் கைப்பேசி சேவையின் விளம்பர நாய்க்குட்டி ஊரெங்கும் ஓடிக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கும். அந்த வருடம் எங்கள் கடைத்தெரு ரீசார்ஜ் கடைப் பலகைகள் எல்லாம் இளஞ்சிவப்பிலிருந்து சிவப்புக்கு மாறின. பெயின்ட் அடித்தது கும்பகோணத்தில், வியாபாரம் நடந்தது வேறெங்கோ. ஹாங்காங்கின் ஹட்சிசன் குழுமம், ஹட்ச் சேவையை நடத்திய ஹட்சிசன் எஸ்ஸாரில் தனக்கிருந்த 67 சதவீத உரிமையைச் சுமார் 1,100 கோடி டாலருக்கு வோடஃபோனுக்கு விற்றது. ஆனால் இந்தியக் கம்பெனியின் பங்கு ஒன்றுகூடக் கைமாறவில்லை. கெய்மன் தீவில் சி.ஜி.பி. என்று ஒரு கம்பெனி, அதற்குக் கீழே மொரீஷியஸில் வரிசையாகச் சில கம்பெனிகள், எல்லாவற்றுக்கும் அடியில் இந்தியாவில் கோடிக்கணக்கான சந்தாதாரர்கள். வோடஃபோன் வாங்கியது அந்த கெய்மன் கம்பெனியின் ஒரே ஒரு பங்கை, அதுவும் நெதர்லாந்தில் பதிவு செய்திருந்த தன் கிளை மூலமாக. ஒரே ஒரு பங்கு! கிரயப் பத்திரத்துக்கு நான்கு எல்லை எழுதியே பழகிய எனக்கு இதை முதலில் படித்தபோது சிரிப்புதான் வந்தது.

வருமான வரித்துறை கேட்டது, அண்ணாச்சியிடம் கேட்டதையேதான். சொத்து இந்தியாவில் இருக்கிறது, விற்றவருக்கு லாபம், வாங்கிய நீங்கள் ஏன் டி.டி.எஸ். பிடிக்கவில்லை? தொகை மட்டும் கொஞ்சம் வேறு, 11,000 கோடிக்கு மேல். மும்பை உயர் நீதிமன்றம் துறை பக்கம் நின்றது. 2012 ஜனவரி 20 அன்று உச்ச நீதிமன்றம் வோடஃபோன் பக்கம் நின்றது, வழக்குக்காகக் கட்டியிருந்த 2,500 கோடியை 4 சதவீத வட்டியோடு திருப்பிக் கொடுக்கச் சொன்னது. தீர்ப்பு சரிதான் என்பது என் கட்சி. அன்றைக்கு இருந்த சட்டத்தில் அப்படி ஒரு வியாபாரத்தைப் பிடிக்க வரி இல்லை. ஓட்டை இருந்தது, புகுந்து போனார்கள். ஓட்டையை அடைக்க வேண்டியது நாடாளுமன்றம்.

அடைத்திருக்கலாம். இன்று முதல் இப்படிச் செய்தால் வரி உண்டு என்று ஒரு வரி எழுதியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் இரண்டே மாதத்தில் வந்த 2012 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி கொண்டுவந்த திருத்தம் 1962 ஏப்ரல் 1 முதல் செல்லும் என்றது. ஐம்பது வருடம் பின்னால். அதற்கு ‘விளக்கம்’ என்று பெயர் வேறு. உச்ச நீதிமன்றத்தில் தோற்ற ஆத்திரத்தில் எழுதியது என்றுதான் எனக்குப் படுகிறது. ஆத்திரத்தில் எழுதிய எதுவும் எங்கள் ஆபீசில்கூட அப்பீலில் நின்றதில்லை.

இங்கேதான் உங்கள் கட்டுரை தொடாத இடம் வருகிறது. அரசு தேதியை மாற்றியதா, கம்பெனி ஊரை மாற்றிக்கொண்டது. இந்தியாவும் நெதர்லாந்தும் 1995-இல் முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்று போட்டிருந்தன. உங்கள் நாட்டு முதலீட்டாளரை நியாயமாக நடத்துவோம், இல்லையென்றால் எங்கள் நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் முன்னால் வழக்காடலாம் என்பது அதன் சாரம். வோடஃபோனின் தலைமையகம் இங்கிலாந்தில். ஆனால் வாங்கிய கிளை டச்சுக் கிளை, ஆகவே டச்சுக்காரர் என்று சொல்லி அந்த ஒப்பந்தத்தின் கீழ் போனார்கள். போதாததற்கு பிரிட்டன் ஒப்பந்தத்தின் கீழும் இன்னொரு வழக்கு. ஹேக் நகரத்து நிரந்தர நடுவர் மன்றத்தின் மேற்பார்வையில் மூன்று நடுவர்கள், அதில் ஒருவர் இந்தியாவே நியமித்தவர். 2020 செப்டம்பரில் மூவரும் ஒருமனதாக இந்தியா செய்தது தவறு என்றார்கள். நாடாளுமன்றம் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட சட்டம் அது. ஒரு அறையில் மூன்று பேர் உட்கார்ந்து, இதை வைத்து வரி கேட்கக் கூடாது என்றார்கள்.

அந்த மூன்று பேர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த அறைக்குச் சாவி கொடுத்தது யார்? 1994-இல் பிரிட்டனோடு, 1995-இல் நெதர்லாந்தோடு என்று அந்நிய முதலீடு வரட்டும் என்ற அவசரத்தில் டில்லிதான் வரிசையாகக் கையெழுத்துப் போட்டது. நம் ஊர் ஆள் வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து அழுவாரே, அந்தக் கதை.

கெய்ர்ன் கதை இதைவிட மோசம். ராஜஸ்தானில் பார்மேர் பக்கம் 2004-இல் எண்ணெய் கண்டுபிடித்த ஸ்காட்லாந்துக் கம்பெனி. 2006-இல் தன் கம்பெனிகளுக்குள்ளேயே பங்குகளை மாற்றி அமைத்துக்கொண்டது. அந்தப் பின்தேதிச் சட்டத்தை வைத்து 10,247 கோடி கேட்டது துறை, கெய்ர்ன் வைத்திருந்த பங்குகளை எடுத்து விற்றது, டிவிடெண்டையும் எடுத்துக்கொண்டது. 2020 டிசம்பரில் நடுவர்கள் 120 கோடி டாலரைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். நாம் கொடுக்கவில்லை, மேல்முறையீடு போனோம். அதற்குள் கெய்ர்ன் என்ன செய்தது தெரியுமா? நியூயார்க் நீதிமன்றத்தில் போய் ஏர் இந்தியாவும் இந்திய அரசும் ஒன்றுதான், அதன் சொத்தைப் பிடிக்க விடுங்கள் என்றது. பாரிஸில் இந்திய அரசுக்குச் சொந்தமான இருபது சொத்துகளை, பெரும்பாலும் அடுக்குமாடி வீடுகள், முடக்க பிரெஞ்சு நீதிமன்றத்தில் உத்தரவே வாங்கிவிட்டது. நாம் இங்கே அவர்கள் பங்கை ஜப்தி செய்தோம், அவர்கள் அங்கே நம் வீட்டை ஜப்தி செய்யப் பார்த்தார்கள். அது 2021 ஜூலை. ஆகஸ்டிலேயே பின்தேதி வரியை நாடாளுமன்றம் திரும்பப் பெற்றது. எல்லோரும் வழக்கை வாபஸ் வாங்கினால் வட்டி இல்லாமல் அசலைத் தருகிறோம் என்று சொல்லி, வசூலித்திருந்த 8,100 கோடியில் கெய்ர்னுக்கு மட்டும் சுமார் 7,900 கோடி போனது. ஒன்பது வருடம் சண்டை போட்டு அரசுக்கு மிஞ்சியது வக்கீல் செலவு.

அண்ணாச்சியும் விற்றவரைத் தேடிப் போனார். அவர் சென்னையில் மகன் வீட்டில் இருக்கிறார். ரயிலேறிப் போய், 54,000-ஐயாவது கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். காபி கொடுத்து, “அப்பவே பிடிச்சிருக்க வேண்டியதுதானேப்பா” என்று சொல்லி அனுப்பிவிட்டார் அந்தப் பெரியவர். அண்ணாச்சி திரும்பி வந்து மொத்தப் பணத்தையும் கட்டினார்.

டி.டி.எஸ். பிடிக்காத மூன்றாவது ஆள் நம் ஸ்ரீபெரும்புதூர்க்காரர், நோக்கியா. இதை எழுதும்போதுதான் எனக்கு மனது சங்கடப்படுகிறது. 2006-இல் உற்பத்தி தொடங்கிய ஆலை, நல்ல நாளில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள், சுற்றி இருந்த உதிரிபாகக் கம்பெனிகள் தனி. 2013-இல் வருமான வரித்துறை சோதனை. கைப்பேசிக்குள் போடும் மென்பொருளுக்காக ஃபின்லாந்துத் தாய்க் கம்பெனிக்கு அனுப்பிய பணத்தில் டி.டி.எஸ். பிடிக்கவில்லை என்று சுமார் 2,000 கோடி கேட்டார்கள். ஆமாம், மறுபடி டி.டி.எஸ். அடுத்த வருடம் நம் மாநில அரசு தன் பங்குக்கு விற்பனை வரி என்று சுமார் 2,400 கோடி கேட்டது. நோக்கியா இரண்டையும் மறுத்தது.

வோடஃபோனுக்கும் நோக்கியாவுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கெய்மன் தீவில் இருக்கும் ஒற்றைப் பங்கை நம் ஆள் யாரும் போய்ப் பூட்ட முடியாது. ஸ்ரீபெரும்புதூரில் கட்டடம் இருந்தது, இயந்திரம் இருந்தது. அதைத் துறை முடக்கிவிட்டது. அதே நேரத்தில் நோக்கியா தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றுக்கொண்டிருந்தது. 3,500 கோடிக்குத் தாய்க் கம்பெனி உத்தரவாதம் கொடுத்தால் ஆலையை மாற்றிக்கொள்ளலாம் என்ற நிபந்தனையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார்கள், 2014 மார்ச்சில் அது தள்ளுபடி. உலகத்தில் உள்ள மற்ற ஆலைகளில் பெரும்பாலானவை மைக்ரோசாஃப்டுக்குப் போயின, இது போகாமல் நின்றது. நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றுவிட்டது. வரி வழக்கு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஸ்மார்ட்ஃபோன் வந்ததில் நோக்கியா ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்தது. ஆனால் பூட்டு போட்டவர்களுக்கும் பூட்டு போடப்பட்டவர்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது யார் என்று எங்கள் பக்கத்துத் தெருப் பையனைக் கேட்டால் சொல்வான். விருப்ப ஓய்வு என்று பெயர், அவனுக்கு அப்போது இருபத்தாறு வயது. அந்தத் தொகைக்கு வரி உண்டா என்று கேட்க ஆபீசுக்கு வந்தான். பார்த்துச் சொல்கிறேன், கவலைப்படாதே என்றேன். “சொந்தமா ஏதாவது கடை வைக்கலாமான்னு பார்க்கிறேண்ணே” என்றான். ஃபைல் கவருக்குள் நோக்கியா அடையாள அட்டையையும் சேர்த்து வைத்திருந்தான், எதற்கென்று நான் கேட்கவில்லை.

நோக்கியாவின் வருமான வரி வழக்கு என்ன ஆனது என்றால், 2018-இல் முடிந்தது. இந்தியா, ஃபின்லாந்து இரண்டு நாட்டு வரி அதிகாரிகளும் உட்கார்ந்து பேசி, 20 கோடி யூரோ, நம் பணத்தில் சுமார் 1,600 கோடி என்று ஒப்புக்கொண்டு தீர்த்தார்கள். இதை 2013-லேயே உட்கார்ந்து பேசியிருக்கக் கூடாதா என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. ஆலைக் கட்டடத்தைப் பிற்பாடு இன்னொரு ஃபின்லாந்துக் கம்பெனியான சால்காம்ப் வாங்கி, சார்ஜர் செய்கிறது.

ஆக, கம்பெனிகள் நாடுகளை விடப் பெரிசு என்று மொத்தமாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. அண்ணாச்சியிடம் அரசாங்கத்தின் கை எவ்வளவு நீளம் என்று பார்த்தேன், ஸ்ரீபெரும்புதூரிலும் நீளம்தான். எங்கே குட்டையாகிறது என்றால், சொத்து ஒரு ஊரில், காகிதம் இன்னொரு ஊரில், வழக்கு மூன்றாவது ஊரில் என்று பிரித்து வைத்துக்கொள்ளத் தெரிந்தவரிடம். அதற்குப் பெரிய கம்பெனியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, நல்ல வக்கீல் இருந்தால் போதும். பெரிய கம்பெனியிடம் நல்ல வக்கீல் நிறைய இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சில சமயம் அரசாங்கமே அவர்களுக்கு வக்கீலாகவும் போகும். ஆப்பிள் விவகாரத்தில் அயர்லாந்து செய்ததைப் பாருங்கள். ஆப்பிளிடமிருந்து 1,300 கோடி யூரோ வரியை வசூல் செய் என்று 2016-இல் ஐரோப்பிய ஆணையம் அயர்லாந்துக்கு உத்தரவு போட்டது. எங்களுக்கு அந்தப் பணம் வேண்டாம் என்று அயர்லாந்து அரசே வழக்குப் போட்டது! எட்டு வருடம் வாதாடி, 2024 செப்டம்பரில் தோற்று, வேண்டாத பணத்தை வாங்கிக்கொண்டது. குறைந்த வரியைக் காட்டிக் கம்பெனிகளைக் கூப்பிட்டு வைத்திருக்கும் நாடு, ஒரு கம்பெனியிடம் வாங்கினால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்களே என்ற பயம்.

அமெரிக்கா இன்னும் ஒரு படி மேல். இணைய விளம்பரத்துக்கு 2016-இல் நாம் 6 சதவீத வரி போட்டோம், ‘கூகுள் வரி’ என்று நாங்கள் சொல்வது. 2020-இல் வெளிநாட்டு இணைய வணிகத்துக்கு 2 சதவீதம் என்று விரித்தோம். அது எங்கள் கம்பெனிகளைக் குறிவைக்கிறது என்று அமெரிக்க அரசு விசாரணை வைத்து, 2021-இல் நம் இறால், பாசுமதி அரிசி, தங்க நகை மேல் 25 சதவீதம் வரி என்று அறிவித்துவிட்டு நிறுத்தி வைத்தது. கலிஃபோர்னியாக் கம்பெனியின் வரித் தகராறுக்கு வேதாரண்யம் பக்கத்து இறால் குட்டைக்காரர் ஏன் பயப்பட வேண்டும் என்று அவருக்கு யாரும் விளக்கவில்லை. 2 சதவீதம் 2024 ஆகஸ்டில் போனது, 6 சதவீதம் 2025 ஏப்ரலில் போனது. இரண்டும் பட்ஜெட் உரையைச் சுற்றி சத்தமில்லாமல் நடந்தன.

இன்னொரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். வோடஃபோன் ஐடியா கம்பெனி அலைக்கற்றைப் பாக்கியைக் கட்ட முடியாமல் திணற, பாக்கிக்குப் பதில் பங்காகக் கொடுங்கள் என்று அரசு வாங்கிக்கொண்டே வந்து, 2025-இல் கிட்டத்தட்ட 49 சதவீதம் அரசின் கையில். எந்தப் பெயரோடு எட்டு வருடம் ஹேக் நகரம் வரை மல்லுக்கட்டியதோ, அந்தப் பெயர்ப் பலகைக்கு இன்று இந்திய அரசுதான் பெரிய பங்குதாரர். இதில் யார் பெரியவர் என்று உங்கள் அட்டவணையில் எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

கடைசியாக ஒரு வேண்டுகோள். பட்டது போதும் என்று 2016-க்குப் பிறகு இந்தியா ஐம்பதுக்கும் மேற்பட்ட பழைய முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தங்களை முடித்துக்கொண்டது. இனிப் போடும் ஒப்பந்தங்களுக்குப் புதிய மாதிரி ஒன்றையும் எழுதியது. முதலில் இந்திய நீதிமன்றத்தில் ஐந்து வருடம் பார், தீராவிட்டால் நடுவரிடம் போ, வரி விஷயம் அதில் சேராது என்று. நல்ல காரியம். ஆனால் 2024-இல் ஐக்கிய அரபு அமீரகத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் அந்த ஐந்து வருடம் மூன்றாகிவிட்டது. இன்னும் பல நாடுகளோடு பேச்சு நடக்கிறது. தலைவர்கள் கை குலுக்கும் படத்தைப் பெரிதாகப் போடுகிறீர்கள், போடுங்கள், கீழே நான்கு வரி இடம் விட்டு, தகராறு வந்தால் எந்த ஊரில் வழக்கு, எத்தனை வருடம் கழித்து, வரி உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று மட்டும் போடுங்கள். 1995-இல் யாரும் போடவில்லை. எங்கள் ஆபீசில் பழைய பேப்பரை எடைக்குப் போடாமல் அட்டத்தில் அடுக்கி வைக்கிற கெட்ட பழக்கம் உண்டு, தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஆடிட்டர் ஆபீஸ் ஃபைல்காரர்,
கும்பகோணம்